கதவுக்கு வெளியே நின்ற வேம்பனார்

கடலும் உப்பங்கழியும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் திருக்கண்டல்வனம் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே எழுந்தருளியிருந்த கண்டலீசருக்குப் பூத்தொடுத்தவர்கள் உண்டு. பதிகம் பாடியவர்கள் உண்டு. விமானத்துக்குப் பொன் வேய்ந்தவர்களும் உண்டு. வேம்பனார் இவற்றில் எதையும் செய்ததில்லை. அவர் காலையில் கதவைத் திறந்தார். உச்சிப்பூசை முடிந்ததும் சாத்தினார். மாலையில் மறுபடி திறந்தார். அவ்வளவுதான் அவருக்கு வாய்த்த தொண்டு.

கீழைக் கோபுரத்தின் அடியில் கல்லால் ஆன சிறு அறை ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய வீடு. மனைவி மக்கள் இல்லை. பொழுது புலருமுன் குளத்தில் முழுகி நீறு பூசிக்கொண்டு, வாசல் கூட்டி நீர் தெளித்து, இரட்டைக் கதவின் குறுக்கு மரத்தைத் தோள்கொடுத்துத் தூக்குவார். தூக்குமுன் சந்நிதிப் பக்கம் திரும்பி, "சாமி, தெறக்கட்டுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். ஆளில்லாத பிராகாரத்தில் அவர் கேட்டு நிற்பதைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை. உத்தரவு கிடைத்துவிட்டது என்று மனத்துக்குத் தோன்றிய பிறகே கதவு திறக்கும்.

வேம்பனாருக்கு முப்பத்தைந்து வயதான ஆண்டு, ஐப்பசி மாதத்தில், ஒரு புயல் வந்தது. விடியும்போதே வாடைக்காற்று ஊளையிடத் தொடங்கியது. குருக்கள் உச்சிப்பூசையை அவசரமாக முடித்துக்கொண்டு வீடு சேர்ந்தார். கோயில் மணியக்காரர் போகிறபோது, நந்தி மண்டபத்தில் எரியும் நந்தா விளக்கைக் காட்டி, அது நான்கு தலைமுறையாக அணையாத விளக்கு என்றும், என்ன ஆனாலும் கதவைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். வேம்பனார் குறுக்கு மரத்தைப் போட்டார். பெரிய கதவில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல் உண்டு. அதற்கும் தாழ் போட்டார். விளக்கின் அருகே சென்று, மேலாடையை விரித்துப் பிடித்துக் காற்றுக்கு மறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகலில் காற்று சட்டென்று நின்றது. பறவைகூடக் கத்தாத அமைதி. புயல் கடந்துவிட்டது என்று எண்ணி அவர் மூச்சுவிட்டார். சிறிது நேரத்தில் அதே காற்று கடல் பக்கமிருந்து திரும்பி வந்தது; முன்னைவிட மூர்க்கமாக வந்து கீழை வாசலில் மோதியது. அப்போதுதான் கதவு தட்டப்படும் ஓசை கேட்டது.

முதலில் மூன்று தட்டு. பிறகு விடாமல் தட்டு. நடுவே ஓர் ஆணின் குரல், "அய்யா" என்றது. அதையொட்டிச் சின்னக் குரல்களும் இருந்தன. வேம்பனார் எழுந்து போனார். திட்டிவாசல் தாழின் மேல் கை வைத்தார். கை வைத்தபடியே திரும்பி விளக்கைப் பார்த்தார். மறைப்பு இல்லாமல் அது தரையோடு படுத்து எரிந்துகொண்டிருந்தது. தாழிலிருந்து கையை எடுத்துவிட்டார். "காத்துதான்" என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு விளக்கினருகே வந்து மேலாடையை மறுபடி விரித்தார்.

கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. அது நின்றபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பிறகு ஒருநாளும் அவரால் மறக்க முடியவில்லை.

மாலையில் காற்று தணிந்து கதவைத் திறந்தபோது வாசற்படியில் மூன்று பேர் உயிரில்லாமல் கிடந்தார்கள். கழிக்கரையில் உப்புப் பாத்திகட்டிப் பிழைக்கிறவர்கள் வாழும் அளமேடு என்ற குடியிருப்பைச் சேர்ந்த காளத்தி. அவருடைய இரண்டு பெண்மக்கள். காற்று நின்ற இடைவெளியில் குடிசையை விட்டுப் புறப்பட்டிருக்கிறார்கள். திரும்பி வந்த காற்றும் கடல்நீரும் வாசலிலேயே அவர்களைப் பிடித்துக்கொண்டன. இளைய பெண் தந்தையின் இடுப்பு வேட்டியைப் பிடித்த பிடி விடவில்லை. வேம்பனார் ஒவ்வொருவராகத் தூக்கி மண்டபத்தில் கிடத்தினார். ஊரார் வந்து பார்த்து, பாவம், கதவுவரை வந்தும் தட்டக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை.

நந்தா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊர்ச்சபையார் அதைக் கண்டு வியந்து, அடுத்த திங்கட்கிழமை சந்நிதியில் வைத்து குருக்கள் கையால் அவர் தலையில் பரிவட்டம் கட்டச் செய்தார்கள். "விளக்குக் காத்த வேம்பனார்" என்று பட்டமும் கொடுத்தார்கள். பரிவட்டம் நெற்றியில் இறுகியபோது, கல்லைத் தலையில் வைத்துக் கட்டியது போல இருந்தது அவருக்கு. அன்றைக்குத் தலையைக் குனிந்தவர்தான். அதன் பிறகு அவர் கண்டலீசரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் கதவு திறந்தார், "சாமி, தெறக்கட்டுமா?" என்று கேட்டார், நீறு பூசினார். நந்தியைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை. பெருமான் கருணை உடையவர் என்பதில் அவருக்கு அணுவளவும் ஐயம் இல்லை. அந்தக் கருணைக்கு முன்னால் போய் நிற்கத் தமக்கு முகம் இல்லை என்பதே அவர் எண்ணம்.

காளத்தியின் மனைவி பூவாயி புயலன்று ஊரில் இல்லை. உப்பு விற்க மேற்கே போயிருந்தாள். திரும்பி வந்து, ஆற்ற ஆளில்லாமல் அழுது ஓய்ந்த பிறகு, அமாவாசைதோறும் ஒரு சிறங்கை உப்பை மடைப்பள்ளிக்கென்று கொண்டுவந்து வாசலில் கொடுப்பாள். கொடுக்கும்போதெல்லாம் வேம்பனாரைக் கையெடுத்துக் கும்பிடுவாள். "எம் புள்ளைங்கள ஈரத்துல போடாம நீங்கதானய்யா தூக்கிக் கிடத்துனீங்க" என்பாள். அவர் உப்பை வாங்கிக்கொள்வார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வோர் அமாவாசையும் நினைப்பார். சொன்னால் இந்தக் கும்பிடு போய்விடும் என்பதற்காக அஞ்சவில்லை. அந்தப் பிள்ளைகள் தட்டித் தட்டிச் செத்தார்கள் என்பதைத் தாய்க்குச் சொல்ல நாக்கு வரவில்லை. அப்படித்தான் அவர் தமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அதுவும் முழு உண்மை அல்ல என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

சொல்ல முடியாததை அவர் கையால் செய்யத் தொடங்கினார். ஆவணி பிறந்ததும் தேங்காய் நாரை ஊறப்போட்டு அடித்துத் தாமே கயிறு திரிப்பார். அளமேட்டிலிருந்து கோயில் வாசல்வரை சேற்றுப் பாதையில் முளைகள் அடித்து, இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டுவார். கண் தெரியாத மழையிலும் அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிடலாம். வாசலையொட்டிய புன்னை மரங்களில் பட்ட கிளைகளை வெட்டுவார். கோயில் வடிகால்களில் இறங்கி மண் அள்ளுவார். கடல் ஏறினால் கிணறுகள் உப்பாகிவிடும் என்று, பெரிய பானைகளில் நன்னீர் நிரப்பி வாய்கட்டி வைப்பார். அவலும் வெல்லமும் காய்ந்த விறகும் மண்டப மூலையில் சேரும். தமக்குக் கிடைக்கும் கோயில் சோற்றில் பாதியைக் கொடுத்துத்தான் அந்த அவலை வாங்கினார். அளமேட்டுக்குப் போய், மழை நாளில் ஆடு மாடுகளைக் கட்டிப்போடாதீர்கள், அவிழ்த்துவிட்டால் மேடு தேடிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று வீடு வீடாகச் சொல்வார்.

ஊர் சிரித்தது. விளக்குக் காத்தவர் என்ற பட்டம் போய்ப் புயலாண்டி என்ற பட்டம் வந்தது. அந்தப் பெயர்தான் தமக்குத் தகும் என்று அவர் எண்ணிக்கொண்டார். இரண்டு தடவை கடல் குமுறுவதைக் கண்டு அளமேட்டு ஜனங்களைப் பதறப் பதற அழைத்து வந்தார். இரண்டு தடவையும் தூறல்கூட இல்லாமல் வெயில் அடித்தது. மணியக்காரர் வந்து, சந்நிதி மண்டபத்தைச் சத்திரமாக்குகிறாயா, கண்டவரையும் உள்ளே விடுகிறாயா என்று எல்லார் முன்னாலும் வைதார். ஒரு மாதச் சோற்றை நிறுத்தினார். வேம்பனார் அந்த ஒரு மாதமும் குளத்து நீரும் அல்லிக்கிழங்குமாகக் கழித்தார். கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை.

அந்தப் புயலுக்குப் பிறகு பதினோராவது ஆண்டு, கார்த்திகை மாதம். மூன்று நாளாகக் காற்றே இல்லை. ஆனாலும் கடல் மலைமலையாக எழுந்து விழுந்தது. நண்டுகள் கூட்டமாகக் கரையேறிக் கோயில் மதிலில் தொற்றின. நான்காம் நாள் கிழக்கு வானம் சுட்ட செங்கல் நிறத்தில் விடிந்தது. வாடைக்காற்று மெல்லத் தொடங்கும்போதே வேம்பனார் அளமேட்டுக்கு ஓடினார்.

யாரும் அசையவில்லை. இரண்டு தடவை ஏமாந்தது போதும் என்றார்கள். பாத்தியில் உப்பு குவிந்து கிடக்கிறது, போட்டுவிட்டு வர முடியாது என்றார்கள். சடையன் என்ற ஆட்டுக்காரர் மட்டும் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டார். "அன்னைக்குக் காளத்தியும் அந்த வாசலுக்குத்தான வந்தான். கதவா தெறந்துச்சு? நாங்களும் வந்து படியில கெடக்கவா?"

கூட்டத்தில் பூவாயி நின்றிருந்தாள். அவள் சடையனை அதட்டினாள்; அய்யாவுக்குத் தெரியாமல் நடந்ததற்கு அய்யா என்ன செய்வார், தட்டியிருந்தால் திறந்திருக்க மாட்டாரா என்றாள்.

பதினொரு வருடம் திறக்காத வாய் அப்போது திறந்தது.

"தட்டுனாங்க" என்றார் வேம்பனார். "எனக்குக் கேட்டுச்சு. கூப்புட்டதும் கேட்டுச்சு. தாழுல கைய வச்சேன் தாயி. வெளக்கு அணைஞ்சுடும்னு கைய எடுத்துட்டேன். காத்துன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

சேற்றிலேயே முழந்தாளிட்டார். காற்று கூரைக் கீற்றுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. பூவாயி அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று சிலர் நினைத்தார்கள். அவர் தலையைக் குனிந்து அதற்கும் காத்திருந்தார்.

"அம்மான்னு கூப்புட்டாங்களா எம் பொண்ணுங்க?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி. அழுத சத்தந்தான்."

பூவாயி கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் கேட்டாள்: "இன்னைக்குக் கதவு தெறக்குமா?"

"தெறக்கும்."

அவள் தன் குடிசைக்குள் போய், ஒரு சட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டை அவிழ்த்துவிட்டாள். அவரைத் திரும்பிப் பாராமல் கயிற்றைப் பிடித்துக் கோயிலை நோக்கி நடந்தாள். அவள் நடப்பதைக் கண்டு மற்றவர்களும் கிளம்பினார்கள். பிள்ளையை இழந்தவளே போகிறபோது, இருக்கிறவர்கள் எதைச் சொல்லி நிற்பது?

உச்சிப்பொழுதுக்குள் அளமேடு முழுவதும் நந்தி மண்டபத்தில் இருந்தது. குருக்கள் அன்று வீட்டுக்குப் போகவில்லை. வேம்பனார் அவர் காலில் விழுந்து பழைய புயலின்போது நடந்ததைச் சொன்னார். குருக்கள் முகம் வெளுத்துப்போனார். அந்தப் பரிவட்டத்தைக் கட்டியவை அவருடைய கைகள். கருவறைக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்து, குழந்தைகளுக்கு அவல் நனைத்துக் கொடுக்க உட்கார்ந்தார்.

வாடைக்காற்று மதிலுக்கு அப்பால் மரங்களை முறித்துக்கொண்டிருந்தது. பிற்பகலில் சட்டென்று நின்றது. மேலே ஒரு துண்டு நீல வானம்கூடத் தெரிந்தது. சடையன் முதலாக நாலைந்து பேர் ஆடு தேட எழுந்தார்கள். வேம்பனார் திட்டிவாசலில் குறுக்கே நின்றார்.

"போகாதீங்க. இது நின்ன காத்து இல்ல, திரும்புற காத்து. இந்த நேரத்துலதான் காளத்தி பொறப்பட்டான்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் ஊருக்குள் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர் இருந்தார்கள். கூரை போனவர்கள் இப்போதுதான் கோயிலை நினைத்துக் கிளம்புவார்கள் என்பது அவருக்குத் தெரியும். திரும்பும் காற்று கடல் பக்கமிருந்து நேராக இந்த வாசலில்தான் மோதும். திறந்து வைத்தால் கதவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வரும். உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. சாத்தினால் வருகிறவர்கள் வெளியே.

தாழைப் பார்த்துக்கொண்டு அவர் சற்றுநேரம் நின்றார். பிறகு மீந்திருந்த கயிற்றுச் சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"வேம்பா, உள்ளே வந்துடு. கதவைச் சாத்தியாகணும்" என்றார் குருக்கள்.

"சாத்திக்கிடுங்க சாமி. நான் வெளியில நிக்கிறேன். யாராச்சும் வந்தா மூணு தடவ தட்டுறேன். அப்ப மட்டும் தெறங்க."

தாழை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு இடமே வரவில்லை. பூவாயி எழுந்து போய்த் திட்டிவாசலில் காதை வைத்து உட்கார்ந்தாள். "எனக்குக் கேக்கும்" என்றாள்.

வாசலின் வெளியே ஒரு கல்தூண் இருந்தது. வேம்பனார் கயிற்றின் ஒரு தலைப்பைத் தூணில் கட்டி, தம் மார்பிலும் இடுப்பிலும் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். மீதியைக் கையில் வைத்துக்கொண்டார். காற்று வந்தது. அது முதலில் மணலைக் கொண்டுவந்து முகத்தில் அறைந்தது, பிறகு உப்புநீரை, பிறகு ஓடுகளையும் கிளைகளையும். கடல்நீர் முழங்கால்வரை ஏறிற்று. கயிறு ஒவ்வொரு வீச்சுக்கும் மார்பை அறுத்தது. அவர் காதுகள் மட்டும் விழித்திருந்தன. சாமி, எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்பதைத் தவிர அவர் வேறெதையும் வேண்டவில்லை.

முதலில் வந்தவர்கள் இரண்டு வலைஞர்கள். முளைக்கயிற்றைப் பிடித்து ஊர்ந்து வந்தார்கள். மூன்று தட்டு; பூவாயி தாழை எடுத்தாள்; உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டாவதாக, முளைக்கயிறு அறுந்த இடத்தில், ஒரு குரல் மட்டும் கேட்டது. வேம்பனார் தம் கயிற்றை நீளவிட்டுக்கொண்டு நீரில் இறங்கினார். கைக்கு அகப்பட்டவர் கோயில் மணியக்காரர். முதுகில் நோயாளி மனைவியைக் கட்டிக்கொண்டிருந்தார். வாசலுக்கு இழுத்து வந்து மூன்று முறை தட்டினார். திட்டிவாசல் திறந்தபோது காற்று ஒரு மாடுபோல் முட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. நந்தா விளக்கு அணைந்தது.

உள்ளே இருட்டு சூழ்ந்தது. மணியக்காரர் ஈரத்தரையில் விழுந்து கிடந்தபடி விளக்கு இருந்த திசையைப் பார்த்தார். "விளக்கை மறுபடி ஏத்திக்கலாம்" என்றார் குருக்கள். "அம்மாவைக் கிட்டே கொண்டுவாங்கோ, ஈரத்தைத் துடைக்கணும்."

அதற்கு மேலும் நாலு முறை அந்தக் கதவு தட்டப்பட்டது. நாலு முறையும் திறந்தது.

பொழுது சாய்வதற்குள் காற்று தணிந்தது. பூவாயிதான் முதலில் வெளியே வந்தாள். வேம்பனார் தூணில் சாய்ந்தபடி நின்றிருந்தார். கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்து, "இன்னும் யாராச்சும் தட்டுனாங்களா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். பிற்பகல் முழுதும் இழுத்து இழுத்துப் புரி தெறித்து, பாதியாக நைந்திருந்தது கயிறு. அது சுற்றியிருந்த மார்பிலும் இடுப்பிலும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் தன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் நின்றாள்.

அதே நேரத்தில் உள்ளேயிருந்து குருக்கள் கூப்பிடும் குரல் கேட்டது.

கருவறைப் பூட்டை அவர் அப்போதுதான் திறந்திருந்தார். கூரை ஒழுகவில்லை, தரை காய்ந்து கிடந்தது, காலையில் சாத்திய பூ வாடாமல் இருந்தது. ஆனால் கண்டலீசரின் திருமேனி முழுதும் நனைந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடல் மணலும் உப்பும் அப்பியிருந்தன. மணலைத் துடைக்கக் கைவைத்தவர், வைத்த கையை எடுக்க முடியாமல் நின்றுவிட்டார். கல்லில் மூன்று சுற்றாகக் கயிறு அறுத்த தடம். புரிகளின் முறுக்குவரை பதிந்திருந்தது.

வேம்பனாரை இருவர் தாங்கி அழைத்து வந்தார்கள். நந்தியண்டை வந்ததும் வழக்கம்போல நின்றுவிட்டார். குருக்கள் தாமே வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே நடத்திச் சென்றார். பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தலை நிமிர்ந்தது. பெருமானையும் பெருமான் மேலிருந்த தடத்தையும் பார்த்தார்.

"இது என் மேல இருக்க வேண்டியதாச்சே சாமி" என்றார். "உங்கள யாரு வெளியில வரச் சொன்னா?" படியில் தலையை வைத்து அழுதார். மணியக்காரரும் அழுதார். கூட்டத்தில் அழாதவள் பூவாயி ஒருத்திதான்.

அவள் மடைப்பள்ளி அடுப்பில் காய்ந்த விறகை வைத்து, பானை நீரில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவர் முன்னால் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலய்யா" என்றாள். "வருமான்னும் தெரியல. ஆறிப்போவும், குடிங்க."

வேம்பனார் கஞ்சியைக் கையில் வாங்கிக்கொண்டார். மன்னிப்பை அவர் அவளிடம் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இறைவன் தம் வலியைத் தாங்கினான் என்பதற்காக அந்த மூன்று உயிர்களின் கணக்குத் தீர்ந்ததாக அவர் ஒருநாளும் எண்ணவில்லை. மேலும் பத்தொன்பது ஆண்டுகள் அந்த வாசலில் இருந்து, கயிறு திரித்து, நீர் நிரப்பி, தட்டிய கைகளுக்கெல்லாம் திறந்துவிட்டு, ஒரு பங்குனி உத்திரத்தன்று காலையில் கதவருகிலேயே சிவனடி சேர்ந்தார். அவர் உடலைத் தூக்கி மண்டபத்தில் கிடத்தியவர்களில் பூவாயியும் ஒருத்தி.

தம் குற்றத்தைப் பிறர் கண்ணுக்கு மறைத்து வாழ வழி இருந்தும், தம் கண்ணுக்கு மறைக்காமல் வாழ்ந்தவர் அவர். பெருமானையே மழையில் நிற்கவைத்த அந்த வாயிற்காவலரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.